சும்மா என்றால் எவ்வளவு?

தாமிரபரணிக் கரையில் தகரக் கூரை போட்ட தேகப்பயிற்சி சாலை. ஓட்டைகள் வழியே இறங்கும் காலை வெயில், தொண்ணூற்று மூன்றாம் வருடக் காலண்டரில் மலை தூக்கும் அனுமார் மீதும், எண்ணெய் மினுங்கும் கர்லாக்கட்டைகள் மீதும் வட்டம் வட்டமாக விழுகிறது. கென்யாவிலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்திருக்கும் முவாங்கி வாசலில் தயங்கி நிற்கிறான். கால்பந்து ஆடிய உடம்பு விடுதிச் சோற்றில் ஊதிக்கொண்டு வருகிறது. ஜங்ஷனில், சுவரெல்லாம் கண்ணாடி பதித்த ஜிம்மில், மாதம் இருநூறு கேட்டார்கள், அவனுக்குக் கட்டுப்படியாகாது. "இங்க எவ்வளவு அண்ணாச்சி?" தண்டால் எடுத்துக்கொண்டிருக்கும் வாத்தியார் பூதலிங்கம் மூச்சு வாங்க எழுகிறார். "சும்மா வாரும்வே." முவாங்கிக்குத் தமிழ் எண்கள் மனப்பாடம். ஒன்றிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறான். அந்தத் தொகை எங்குமே வரவில்லை. "சும்மா... நூறுக்கு மேலயா, கீழயா?" பஸ்கி போடுகிறவர்கள் சிரிப்பு தாங்காமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிடுகிறார்கள். "துட்டே வேண்டாம்வே. தினம் வந்து இந்த மண்ணக் கொத்திவிடும், போதும்." மண்வெட்டி கை மாறுகிறது. ஈரச் செம்மண் வாசம் பைய எழுகிறது. துண்டோடு ஆற்றுக்குப் போகும் ஒருவர் நின்று, வாசல் வழியே எட்டிப் பார்க்கிறார். "என்னவே செய்யுதீரு?" முவாங்கி நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, பல் தெரியச் சிரிக்கிறான். "சும்மா, அண்ணாச்சி."