இடிபாட்டில் கூப்பிட்ட பெயர்

இப்போதெல்லாம் சுற்றுலா வருகிறவர்கள் கல்லறை மேலேயே ஏறி நின்று பல்லைக் காட்டிப் படம் எடுக்கிறார்கள், வெட்கம் கெட்டவர்கள். கிழவர் எலிஹியோ அவர்களைத் திட்டிக்கொண்டே மெக்சிகோவின் பழைய மொந்தே அல்பான் இடிபாட்டின் படிக்கட்டுக்கு வந்தார். இங்கே விழுந்து பயந்த நாளிலிருந்து அவர் மனைவி எர்லிந்தா வஹாக்கா நகரத்து வீட்டில் சாப்பிடாமல், பேசாமல் கிடக்கிறாள். பயந்த இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போன உயிர் திரும்புமாம். அவருக்கு நம்பிக்கை இல்லை; வேறு வழியும் இல்லை. சடங்குப்படி பச்சிலைக் கொத்தால் தரையை அடித்தார்.

"எர்லிந்தா, வீட்டுக்கு வாடி!"

"வர்றேன்யா, கத்தாத," என்றது பின்னால் அவள் குரல்.

கைபேசி அடித்தது. மகள் அழுதாள். "அப்பா, அம்மா எழுந்துட்டாங்க! சூடா சாக்லேட் கேட்டுக் குடிக்கிறாங்க!"

"நல்லாப் பாத்தியா? அவதானா?"

"என்னப்பா கேள்வி இது?"

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் நெருங்கியது. "மெதுவாப் போய்யா, முட்டி வலிக்குது."

கிழவர் திரும்பாமல் இறங்கினார். வீட்டில் இருப்பவளையும் நம்பவில்லை, பின்னால் வருபவளையும் நம்பவில்லை.