வழி: பின்பக்கப் படி

அவள் தன் கலைக்கூடத்தில் சிவப்புப் பேனாவை மூடவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

மேசையில் அச்சகத்திலிருந்து திருத்தத்துக்கு வந்த அட்டை. ‘வரவிருக்கும் கண்காட்சிகள்’ என்று தலைப்பு. கீழே மூன்று வரிகள்.

மார்ச்: உப்பளப் புகைப்படங்கள்.

ஏப்ரல்: கரிக்கோட்டு ஓவியங்கள்.

மே: பின்கதவுகள். ஓவியர் அஞ்சுகம்.

மூன்றாவது வரியில் விரலை வைத்திருந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராமபத்ரன். இந்த அடுக்குமாடியின் இரண்டாம் மாடி வீட்டில் அவளுடைய கலைக்கூடம் நடப்பது சங்கத்தின் தயவால்தான் என்பதை மாதம் ஒருமுறையாவது வந்து நினைவூட்டுவார்.

“படம் மாட்டுங்க மேடம், யார் வேண்டாம்னா? ஆனா அந்தம்மா வழக்கம்போல பின்பக்கமாவே வரட்டும். இன்னைக்கு ஒருத்தரை லிஃப்டுல விட்டா நாளைக்கு எல்லாரும் ஏறுவாங்க.”

ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார். அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் போய்விட்டார். லிஃப்டில்.

அஞ்சுகம் பதினோரு வருடமாக இந்தக் கட்டடத்தில் குப்பை எடுக்கிறார்.

பின்பக்கம் ஓர் இரும்புச் சுழல்படி. அதில் ஏறினால் ஒவ்வொரு வீட்டின் சமையலறைக் கதவும் வரும். கதவுக்கு வெளியே வாளி. பதினாறு வீடு, பதினாறு வாளி. எந்த வீட்டின் முன்வாசலும் அவருக்குத் தெரியாது.

கதவுகளைத்தான் வரைந்திருந்தார். குடியிருப்பவர்கள் தூக்கிப்போட்ட அலமாரிப் பலகைகளில், அவர்கள் தூக்கிப்போட்ட சுவர்ப் பெயின்ட்டில். பதினாறும் மூடிய கதவுகள். எல்லாம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

போன ஐப்பசி மழையில் ஏழாவது படி ஆடி, வாளியோடு விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தப் படியில் ஒரு பக்கம் போல்ட்டே இல்லை என்று மூன்று முறை சங்கத்தில் சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இடது கையால் வரைகிறார்.

சமையலறைக் கதவு தட்டப்பட்டது. வாளிக்காக வந்த அஞ்சுகம்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது தனக்கே கூசியது. வேறு இடம் பார்க்கலாம் அக்கா, இவ்வளவு அவமானம் பட்டு இங்கே எதற்கு என்றாள்.

அஞ்சுகம் வாளியைக் கீழே வைத்தார்.

“நான் எதுக்கும்மா வேற எடத்துக்குப் போவணும்? வர்றவங்கள என் வழியா வரச் சொல்லு.”

அவள் அட்டையை இழுத்து, மூன்றாவது வரிக்குக் கீழே சிவப்பில் எழுதினாள்.

*வழி: பின்பக்கப் படி. எல்லாருக்கும்.*

மே மாத முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணி.

ஒவ்வொரு கண்காட்சியிலும் விளக்கேற்றுவது செயலாளர்தான். அதுவும் சங்கத்தின் ஏற்பாடு. அழைப்பில் தன் பெயரின் எழுத்து சரியா என்று மட்டும் பார்ப்பவர், பட்டு வேட்டியில் லிஃப்டில் வந்து இறங்கினார்.

முன்கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்தில் அட்டை ஒட்டியிருந்தது. இப்போது முழுவதும் படித்தார்.

பின்பக்கம் வந்தபோது நாற்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றார். செயலாளர் விளக்கேற்றினால்தானே மற்றவர்கள் உள்ளே போக முடியும். எல்லாரும் மரியாதையாக அவருக்கு வழி விட்டார்கள்.

திரும்பிப் போவது எப்படி?

வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். வாளிகளை யாரும் அகற்றியிருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு சமையலறைக் கதவுக்கு எதிரேயும் கைப்பிடிக் கம்பியில் அந்தக் கதவின் ஓவியம் தொங்கியது. அவர் வீட்டுக் கதவும் மேலே எங்கோ இருந்தது.

ஆறாவது படியில் நின்றார்.

அடுத்த படியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதன் விளிம்பில், அவளுடைய கலைக்கூடத்தில் எல்லாப் படைப்புக்கும் வைப்பதுபோல ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு. அவர் குனிந்தார்.

*ஏழாவது படி.*

*இரும்பு, துரு.*

*பராமரிப்பு: ராமபத்ரன், செயலாளர்.*

பின்னால் நின்றவரும் எட்டிப் படித்தார். அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் வாசித்துச் சொன்னார்.

ஒன்பதாவது படியில் அஞ்சுகம் நின்றிருந்தார். புதுச் சேலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“அது ஆடும் சார். கையப் புடிச்சிக்கிட்டு வாங்க.”

வலது கை இன்னும் எதையும் பிடிப்பதில்லை.

இடது கையை நீட்டினார்.