அல்போன்சாவின் வலது கை

பறக்கக் கற்றுக்கொடுக்கும் அஸ்கர் விமானத்திலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினான்.

"கை மட்டும் பத்திரம்க்கா" என்றான்.

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். இன்று அதில் ஒருவர்தான். ஐம்பத்தாறு வயதில் அல்போன்சா முதல்முறையாகத் தனியாக ஒரு சுற்று பறக்கப் போகிறார்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் மளிகையும் ஏற்றி அனுப்புவது அவர் தொழில். பறப்பது ஆசைக்கு. ஆசைக்கு வயசு உண்டா என்று கேட்டுத்தான் கணவர் ஹென்றியின் வாயை அடைத்திருந்தார்.

விமானத்தை ஏற்றுவதில் அவரிடம் குறை இல்லை. இறக்குவதிலும் இல்லை. வலது கைதான் சிக்கல்.

உப்பளங்களுக்கு நடுவே இருந்த அந்த மண் ஓடுபாதையிலிருந்து கிளம்பிக் கடல் பக்கம் திரும்பினால் புன்னைக்காயல் மாதா கோயில் கோபுரம் தெரியும். அவர் பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற கோயில். பார்த்த மாத்திரத்தில் வலது கை நெற்றிக்குப் போய்விடும். பஸ்ஸில் போகிறவர் சிலுவை போட்டுக்கொண்டால் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அந்தக் கையில்தான் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் இருக்கிறது. கை போகும்போதெல்லாம் இறக்கை ஒரு பக்கமாகச் சாயும். பக்கத்து இருக்கையிலிருந்து அஸ்கர் தாவிப் பிடித்து நிமிர்த்துவான்.

இடது கையால் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பார்த்தான். மாதாவுக்கு இடது கையா என்று அவர் முறைத்த முறைப்பில் அந்த யோசனை அதோடு போயிற்று.

கைக்குட்டையால் கையை ஸ்டிக்கோடு கட்டிப் பார்த்தார்கள். கை போன வேகத்தில் ஸ்டிக்கும் கூடவே வந்தது. விமானமே சிலுவை போடக் கிளம்பிவிட்டது.

பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, மனதுக்குள் போட்டுக்கொண்டால் போதும் என்றார். மனது கேட்டுக்கொண்டது. கை கேட்கவில்லை.

கை அடங்காமல் தனியாக அனுப்ப முடியாது என்று அஸ்கர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். இப்போது கொஞ்ச நாளாகக் கை அடங்கியிருந்தது. அதை நம்பித்தான் இன்று இறங்கியிருக்கிறான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற பழமொழி அந்த நேரம் பார்த்தா நினைவுக்கு வர வேண்டும்? தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

விமானம் ஓடி, எழும்பி, வெயிலுக்குள் ஏறியது.

காயல்பட்டினத்துப் பிள்ளையான அஸ்கர் பிஸ்மில்லாஹ் சொல்லி முடித்தான். அவனுக்குப் பக்கத்தில் ஹென்றி இரண்டு கைகளாலும் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இழுவைக் கப்பல் ஓட்டி, மலை மலையான கப்பல்களையெல்லாம் துறைமுகத்துக்குள் இழுத்து வந்தவர். இன்று மேலே பார்க்கத் தைரியம் இல்லாமல் அஸ்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் கடல் பக்கம் திரும்பி நேரானது. கோபுரம் இப்போது அல்போன்சாவுக்கு நேர் எதிரே.

அஸ்கரின் இடது கையில் வாக்கி டாக்கி இருந்தது. பேசினால் அவர் கவனம் சிதறும். பேசாவிட்டால் இவன் உயிர் போய்விடும் போலிருந்தது. சாய்ந்தால் பிடிக்க அங்கே ஆள் இல்லை.

இறக்கை சாயவில்லை.

நூல் பிடித்த மாதிரி போனது. திரும்பியது. இறங்கிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்து நின்றது.

அல்போன்சா இறங்கி வந்ததும் ஹென்றிக்குக் கண் கலங்கிவிட்டது. அல்போன்சாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் முகத்தில் ஒரு குறை தெரிந்தது.

"ஸ்டிக்க விடவே இல்ல தம்பி. ஆனா மனசு அடிச்சுக்கிடுது. மாதாவ ஒரு நாளும் இப்படிச் சும்மா கடந்து போனதில்ல."

"ஒன் பங்குக்கு இங்கன சிலுவ போட்டாச்சு ஏளா" என்றார் ஹென்றி.

"நீங்களா?"

"நான் எங்க, கம்பிய விட்டாத்தான. ஒன் வாத்தியாருதான் போட்டாரு. கடைசித் தோள் வரைக்கும்."

அல்போன்சா திரும்பிப் பார்த்தார்.

அஸ்கர் தரையில் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று வெகுநேரமாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.