தட்டிப் பார்த்து வாங்கியது

“கொன்னுட்டா! இருபத்திரண்டு வருஷமா எண்ணெய் தேச்சு, துடைச்சு, என் கையால வளர்த்தது. ஒரே ராத்திரியில கொன்னுட்டா!”

மாமா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டும் திறந்துகொண்டன. மருமகள் சமையலறை மூலையில் நின்றாள்.

செத்துக் கிடந்தது ஒரு வார்ப்பிரும்புச் சட்டி. ராத்திரி முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறியதில், கறுகறுவென்று மின்னிய உள்பக்கம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

“பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதான் ஊற வெச்சேன் மாமா...”

“பளிச்சுனு இருக்க அது என்ன பீங்கான் தட்டா? பழக்கின இரும்புக்குச் சோப்பு விஷம்னு தெரியாது?”

மாமா முப்பது வருஷம் வார்ப்பட ஆலையில் தரச் சோதனை அதிகாரியாக இருந்தவர். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே இரும்பின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரேதான்.

வந்த மூன்று மாதத்தில் இந்தச் சட்டியின் கதையை மருமகள் முப்பது தடவையாவது கேட்டிருப்பாள். கடையில் நாற்பது சட்டிகளைத் தட்டித் தட்டி, கடைக்காரர் கும்பிடாத குறையாக நின்றபோது நாற்பத்தோராவதைத் தேர்ந்தெடுத்தாராம். எல்லாப் பக்கமும் ஒரே கனம், கணீரென்ற சத்தம். ஒரு பக்கக் கைப்பிடிக் காதுக்கு அடியில் மட்டும் பட்டாணி அளவுக்கு ஒரு முண்டு உறுத்திக்கொண்டிருந்ததாம்.

“இப்ப தடவிப் பாரு, முண்டு இருக்கா? என் கை பட்டுப் பட்டே தேஞ்சு போச்சு. அப்படிப் பராமரிச்சிருக்கேன்!” என்பார். அதில் தினமும் சமைப்பது அத்தை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்ணெய் தடவிவிட்டு வாரம் முழுக்க அதைப் பற்றிப் பேசுவது மாமா. அந்த வீட்டில் வேலைப் பங்கீடு அப்படி.

“நாளைக்குக் காலைல இதுல முட்டை ஊத்துவேன். ஒட்டுச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் வேற வீடு பாத்துக்கங்க” என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

“அப்பா சொன்னா சொன்னதுதான்” என்று அந்த மின்விசிறியிடமே சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனான்.

ஒரு சட்டிக்காகக் குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பேரோடு காலம் முழுக்க இருக்க வேண்டுமே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அத்தை அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

அன்று பகல் முழுக்க வைத்தியம் நடந்தது. மாமா துருவைச் சுரண்டினார், எண்ணெயைக் கொட்டினார், அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டார். வீடெல்லாம் புகை மூட்டம். கடைசியில் சட்டியைத் தொட்டால் விரல் பசை போல் ஒட்டிக்கொண்டது.

“ஆறினா சரியாயிடும். எனக்குத் தெரியாதா?” என்று சட்டியை ஏந்திக்கொண்டு பால்கனிக்குப் போனவர், அங்கே காலை இடித்துக்கொண்டார். அத்தையின் மூன்று பூந்தொட்டிகள், மண்ணும் பாசியும் அப்பிய பழைய இரும்புப் பாத்திரங்களில் உட்கார்ந்திருந்தன.

“இந்தத் துருப்பிடிச்ச குப்பையைத் தூக்கி எறின்னு எத்தனை தடவை சொல்றது?”

“தண்ணி கீழ்வீட்டுக்கு ஒழுகுமேங்க” என்றாள் அத்தை.

மறுநாள் காலையில் மாமா குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு அடுப்பின் முன் வந்து நின்றார். முட்டையை உடைத்து ஊற்றினார்.

முட்டை ஒட்டவில்லை. கரண்டியைக் காட்டியதுமே நழுவிக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டியை ஆறவைத்துத் துடைத்து, கண்ணை மூடி, விரல் முட்டியால் தட்டிக் கேட்டார்.

“அதே சத்தம்! ஆயிரம் சட்டிக்கு நடுவுல வெச்சாலும் என் காதுக்குத் தெரியும். செத்ததைப் பொழைக்க வெச்சுட்டேன் பாத்தியா?” பிறகு பெரிய மனது பண்ணினார். “போகட்டும், சின்னப் பொண்ணு. இங்கேயே இருங்க.”

மருமகளுக்கு உயிர் வந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினாள்.

“மாமா வைத்தியத்துல சட்டி பொழச்சுடுச்சு அத்தை!”

அத்தை சிரித்தாள். பால்கனியில் இன்று நான்கு பூந்தொட்டிகள் இருந்தன. நான்காவது தொட்டிக்கு அடியில் இருந்த பாத்திரத்துக்குச் செங்கல் நிறம். அதிலிருந்து நேற்றைய கருகிய எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.

மருமகள் மெதுவாகக் குனிந்து, முதல் தொட்டிக்கு அடியில் இருந்ததன் காதுகளைப் பாசியோடு தடவிப் பார்த்தாள். பட்டாணி அளவுக்கு ஒரு முண்டு விரலை உறுத்தியது.

அத்தை தண்ணீர்க் குவளையைக் கீழே வைக்காமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அடுப்புல இருக்கறது அஞ்சாவது. ஆறாவதை நீ இப்பவே பழக்க ஆரம்பிச்சுடும்மா.”