அஜிஷாவின் கேசினோ

"உம்ம மவ சூதாட்டக் கடை நடத்துகா. தெரியுமா வேய்?"

ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ரசலையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருங்கல் ஊர்ச் சந்தையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிற, நாலு பேர் மதிக்கிற ஆள் அவர். சொன்னவர் சபைச் செயலாளர் குமாரதாஸ். குரலைத் தாழ்த்திப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"யாரு, அஜிஷாவா?"

"பின்ன ஒமக்கு எத்தனை மவ? கம்ப்யூட்டர்ல கேசினோ. என் பேத்தி கண்ணால கண்டிருக்கா. 'எங்க டீச்சர் கேசினோ மொதலாளி தாத்தா'ன்னு வந்து பெருமையா சொல்லுகா. ஞாயிறு பள்ளியில பிள்ளையளுக்கு வசனம் சொல்லிக் குடுக்கிற ஆளு செய்யிற காரியமா இது? நேர்ல கேக்கணும். கேட்டுட்டு, வகுப்பை வேற ஆளுட்ட குடுக்கணும்."

விஷயம் சின்னதில்லை. நாலு வருஷமாக அஜிஷா எடுக்கிற வகுப்பு அது. அந்தப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இப்போதே தேவதூதர் இறக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வீட்டுக் காரியம் என்றால் குமாரதாஸுக்கு மூட்டுவலி கூடத் தெரியாது. கண்ணாடியை ஆலயத்திலேயே மறந்து வைத்துவிட்டு, ரசலையனுக்கு முன்னால் நடந்தார்.

வீட்டில் அஜிஷா லேப்டாப் முன்னால் இருந்தாள். ரசலையன் வாசலிலிருந்தே கத்தினார்.

"ஏட்டி! சபையில என் மானத்தைக் கப்பலேத்திட்டியே!"

அவள் பதறி எழுந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மெல்லச் சொன்னாள்: "இது வெறும் கேம் அப்பா. பைசா ஒண்ணும் கட்டண்டாம். ஒரு கேசினோவைக் கட்டி, மேசை, மிஷின் எல்லாம் போட்டு, மொதலாளியா இருந்து நடத்தணும். அவ்வளவுதான்."

"பைசா கட்டண்டாமா?" குமாரதாஸ் குறுக்கே பாய்ந்தார். "அப்ப உன் அம்மை பூங்கனி குவைத்துல கெடந்து ஒழைச்சு அனுப்புற பைசா எங்க போகுது? சபையில அறுப்பின் பண்டிகை ஏலத்துல வருஷா வருஷம் மொதல் வாழைக்குலையை யாருக்கும் விட்டுக்குடுக்காத மனுசன் உன் அப்பன். இந்த வருஷம் ஒரு தேங்காக்குக்கூட வாய் தொறக்கல. அப்பமே நெனச்சேன், வீட்டுல எங்கயோ ஓட்டை விழுந்திருக்குன்னு."

ரசலையன் தரையைப் பார்த்தார்.

"கழுத்துல கெடந்த தங்க மாலை எங்கட்டி?" குமாரதாஸ் விடவில்லை.

அஜிஷா அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். "பெட்டியில இருக்கு சார்."

குமாரதாஸ் லேப்டாப் பக்கம் குனிந்தார். "இது என்ன, செவப்பா மின்னுகு?"

"நட்டம் சார். இன்னும் கொஞ்ச நேரத்துல கடை திவாலாயிரும்."

"சூதாட்டக் கடைக்காரனுக்கு நட்டமா? ஒலகத்துல கேட்டதில்லையே!" கண்டிக்க வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் வேணும்னேதான் நட்டமாக்குகேன் சார். இந்த மிஷின் முன்னால ஒருத்தர் இருக்காருல்லா, அவருக்காக. வந்தா எழும்பவே மாட்டாரு. தோக்க வச்சுப் பாத்தேன். விட்டதைப் பிடிக்கணும்னு இருந்தாரு. ஜெயிக்க வச்சுப் பாத்தேன். சந்தோஷத்துல இன்னும் கொஞ்சம் இருந்தாரு. கடையை இழுத்து மூடினாத்தான் எழும்பி வீட்டுக்குப் போவாரு போல."

"யாரு அவன்? தலைக்கு மேல என்னமோ எழுதியிருக்கே." குமாரதாஸ் கண்ணைச் சுருக்கினார்.

"வாற ஆளுவளுக்கு நாமளே பேரு வைக்கலாம் சார். சும்மா ஒரு பேரு வச்சேன்." அவள் விரல் அந்த இடத்தை மறைத்தது.

அதற்குள் ரசலையன் படித்துவிட்டார். அவர் முகம் வெளிறியது. அஜிஷா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

அவர் எட்டி லேப்டாப்பை மூடினார்.

"இனி பேச ஒண்ணுமில்ல சார். அடுத்த வாரம் முதல் இவ வகுப்பெடுக்கண்டாம். தகப்பன் நானே சொல்லுகேன்."

"அப்பா..."

"வாயை மூடு!"

குமாரதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ரசலையனின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்த பிள்ளைன்னும் பாக்காம நியாயத்தைச் சொன்னீரே! தகப்பன்னா ஒம்மைப்போல இருக்கணும் வேய்."

அஜிஷா உள்ளே போய், தைத்து வைத்திருந்த இறக்கைகளைக் கொண்டுவந்து குமாரதாஸ் கையில் கொடுத்தாள்.

"புதுசா வாற டீச்சர்ட்ட குடுத்திருங்க சார். ரெண்டெண்ணத்துக்கு மட்டும் இன்னும் நாடா தைக்கணும்."

அவர் போனதும் ரசலையன் மகள் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அஜிஷா லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் கேசினோ திவாலானது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லாரும் போன பிறகு, கடைசியாக அந்த ஒரு ஆளும் எழுந்து வெளியே நடந்தார். தலைக்கு மேல் அவள் வைத்த பெயர் கூடவே நகர்ந்தது: ரசலையன்.

அவர் வாசலைத் தாண்டும்வரை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், அப்பாவின் போனில் சீட்டு கலைக்கிற சத்தம் கேட்டது.