சும்மா கொடுத்த ராணி

"வேணும்னேதானே ராணியைக் குடுத்தே?"

மஹதி பல்லைக் கடித்தபடி கேட்டாள். மந்தைவெளியில், மருந்துக்கடை மாடியில் அவள் நடத்தும் செஸ் வகுப்பிலிருந்து மற்றப் பிள்ளைகளெல்லாம் கிளம்பிப் போயிருந்தார்கள். தோற்ற பலகையின் முன்னால் சுஹாஸ் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவளுடைய தம்பி. ஆறாவது படிக்கிறான்.

"இல்லைக்கா. பாத்துண்டுதான் ஆடினேன்."

"எதைப் பாத்தே? சைஃபுக்கே பாவமாப் போச்சு."

உண்மைதான். எதிரே ஆடிய சைஃப் காயைத் தொடவே தயங்கினான். "மிஸ், ராணி சும்மா நின்னுக்கினு கீது. வெட்டட்டுமா?" என்று அவளிடமே கேட்டான். வகுப்பே சிரித்தது.

பிள்ளைகள் கவனமில்லாமல் காய்களைப் பறிகொடுப்பதை நிறுத்த மஹதி ஒரு வழி வைத்திருந்தாள். நகர்த்துவதற்கு முன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும். 'இதை யார் வெட்டலாம்?' என்று தனக்குள் கேட்டு, பலகையை ஒரு சுற்றுப் பார்த்த பிறகே கையை எடுக்கலாம். வந்த புதிதில் குதிரைகளை வாரி வழங்கிய சைஃப்கூட இதில் தேறிவிட்டான்.

தேறாதவன் சுஹாஸ் ஒருவன்தான். போன வருஷம் இதே பிள்ளைகளை ஊதித் தள்ளியவன். "டீச்சர் தம்பியே இப்படி ஆடறான்" என்று மாடிப்படியில் யாரோ ஒரு அம்மா சொன்னது மஹதியின் காதில் விழுந்திருந்தது.

கிரிக்கெட்டில் சேர்த்துவிடச் சொல்லிக் கோடையில் நச்சரித்தான். அப்பா மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் காய்களைத் தூக்கிக் கொடுக்கிறான் என்று மஹதி முடிவு கட்டியிருந்தாள். காலையில் தலைவலி என்று சுருண்டு படுப்பதும், குடித்த பாலை வாந்தியெடுப்பதும் வகுப்புக்கு மட்டம் போடத்தான் என்று நினைத்தாள். போன வாரம் முதுகில் ஓர் அறைகூட வைத்தாள்.

"நாளைலேர்ந்து நீ இங்கே வர வேண்டாம். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். போய் கிரிக்கெட்டே ஆடு."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "எனக்கு செஸ்தான்க்கா வேணும். நீ சொன்ன மாதிரி கேட்டுண்டுதான் ஆடறேன். ஆனா அவா காய் எங்கேர்ந்தோ வந்துடறது."

பொய் சொல்கிற குரல் இல்லை அது. ராணி போவதற்கு முன்பிருந்த நிலைக்கு மஹதி காய்களைத் திரும்ப அடுக்கினாள்.

"சைஃபோட காயெல்லாம் எது எதுன்னு சொல்லு."

விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னான். ராஜா, மந்திரி, குதிரை, சிப்பாய்கள். இடது ஓரத்தில் நின்ற யானையைச் சொல்லவில்லை.

அவள் காய்கள் கலையாமல் பலகையை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தாள். "இப்போ சொல்லு."

முதல் காயாக அந்த யானையைச் சொன்னான். இப்போது இடப்பக்கம் வந்துவிட்ட மந்திரியை விட்டுவிட்டான்.

மஹதி நாற்காலியை இழுத்துப்போட்டு அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"என் மூக்கையே பாரு. கண்ணை அசைக்கப்படாது."

பார்த்தான். அவள் கையை உயர்த்தி, அவனுக்கு இடப்பக்கமாக விரல்களை விரித்தாள். அசைத்தும் காட்டினாள்.

"எத்தனை விரல்டா, கண்ணா?"

சுஹாஸ் இமைக்கவில்லை. இந்தத் தடவையாவது அக்காவிடம் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூக்கையே பார்த்தபடி காத்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"இன்னும் நீ கையைத் தூக்கவே இல்லையேக்கா?"