விளங்கும் வரை

சத்தமே போடாத அந்த வண்டி தெருமுனையில் திரும்பும்போதே ஜெபக்கனியின் மாமியார் சந்தியாகம்மாளுக்குக் கேட்டுவிட்டது. "ஏட்டி, டாக்டரு வாரான்" என்றாள்.

ஜெபக்கனி கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். மருந்துச் சோதனையில் ஆள் செத்துப்போனால், ஆராய்ச்சி செய்தவரே வீடு தேடி வந்து நடந்ததை விளக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் "விளங்குச்சு" என்று சொல்லும்வரை மருந்து கடைக்குப் போகாது. அதுதான் சட்டம்.

டாக்டர் லார்ஸ் இதற்காகவே தமிழ் படித்தவர். முதல் தடவை, "எதிர்பாராத பாதக விளைவு ஏற்பட்டது" என்றார்.

"விளங்கலையே டாக்டர்."

அடுத்த தடவை, "உங்கள் கணவரின் மறைவுக்கு வருந்துகிறோம்" என்றார். அதற்கும் உதட்டைப் பிதுக்கினாள். உண்மையில் அவளுக்கு முதல் நாளே எல்லாம் விளங்கிவிட்டது.

இன்று அவர் தரையைப் பார்த்தபடி முனகினார். "உங்க வீட்டுக்காரரை எங்க மருந்துதான் கொன்னுச்சு. ஈரலைக் கெடுக்கும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தோம்."

ஜெபக்கனி தலையை ஆட்டினாள். "இப்ப விளங்குச்சு."

அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார்.

"இருங்க டாக்டர். அவரைப் பெத்தவங்களுக்கும் விளங்கணும்லா? எங்க அத்தைக்குக் காது சுத்தமா கேக்காது. வாசல்ல நின்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுங்க."

உள்ளேயிருந்து சந்தியாகம்மாள் காதருகே கையைக் குவித்தபடி வெளியே வந்தாள்.

"என்னது?"